கட்-ஆஃப் மாறினால் ஜெயிக்கும் மாடலும் மாறுமா? லாஜிஸ்டிக் ரிக்ரெஷன் ஒப்பீடு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சில ஆண்டுகளாகச் சனிக்கிழமை மாலைகளில் சிங்கப்பூரில் எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் புள்ளியியல் சொல்லித் தருகிறேன். பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்கள், பல்கலைக்கழகத்தில் ஆய்வுக் கட்டுரை எழுதுபவர்கள், பகலில் வேலை பார்த்துவிட்டு இரவில் படிப்பவர்கள் எனப் பலரும் வருகிறார்கள். அவர்களில் பாதிப் பேராவது ஒரே சிக்கலோடுதான் வந்து உட்காருகிறார்கள்: "அக்கா, ரெண்டு மாடல் போட்டேன். எது நல்லதுன்னு எப்படிச் சொல்றது?" மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினால் அங்கே நிகழ்தகவை 0.5-இல் வெட்டி, மாடல் எத்தனை பேரைச் சரியாகச் சொன்னது என்று எண்ணிய ஓர் அட்டவணை இருக்கும். அந்த அட்டவணையைப் பற்றி வந்த கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

கட்-ஆஃப் என்று எதைச் சொல்கிறோம்?

லாஜிஸ்டிக் ரிக்ரெஷன் "ஆம்", "இல்லை" என்று சொல்வதில்லை. ஆளுக்கு ஒரு நிகழ்தகவைத் தருகிறது: இவருக்கு நீரிழிவு இருக்க 0.13, அவருக்கு 0.62. அந்த எண்ணை ஓரிடத்தில் வெட்டி, "இதற்கு மேல் என்றால் ஆம்" என்கிறோம். வெட்டும் அந்த இடம்தான் கட்-ஆஃப். உயர்நிலைப் பள்ளிச் சேர்க்கை நேரத்தில் நம் வீடுகளில் புழங்கும் அதே சொல்தான். வெட்டுப்புள்ளி என்றும் எழுதலாம்.

இந்த முறைக்கு அடிப்படையான 'லாஜிட்' என்ற சொல்லை ஜோசஃப் பெர்க்சன் 1944-இல் உருவாக்கினார். ஆம்-இல்லைத் தரவுகளுக்கு ரிக்ரெஷன் செய்வது பற்றி டேவிட் காக்ஸ் 1958-இல் எழுதினார். இந்த முறையின் வேலை நிகழ்தகவை மதிப்பிடுவதோடு முடிந்துவிடுகிறது. வெட்டுவது, அதற்குப் பின்னால் நாம் சேர்க்கும் தனி வேலை. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழைத்துவிடுவதால்தான் பின்னால் வரும் குழப்பங்கள் எல்லாம்.

அப்படியானால் 0.5 எங்கிருந்து வந்தது?

மென்பொருளிலிருந்து. எஸ்பிஎஸ்எஸ்ஸின் வகைப்பாட்டு அட்டவணை, ஸ்டேட்டாவின் அட்டவணை, பைத்தானில் சைக்கிட்-லேர்னின் பிரெடிக்ட் எல்லாமே நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் 0.5-இல் வெட்டும். ஒரு நோயாளியைத் தவறவிடுவதும் நலமாக இருப்பவரை வீணாகப் பரிசோதனைக்கு அனுப்புவதும் ஒரே அளவு கெடுதல் என்றால் 0.5 சரி. அப்படிப்பட்ட வேலையை நான் இதுவரை பார்த்ததில்லை.

'ஆர்' மென்பொருளைப் பயன்படுத்துபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அங்கே ஜிஎல்எம் (லாஜிஸ்டிக் ரிக்ரெஷன் போடும் கட்டளை) மாடலில் பிரெடிக்ட் போட்டால், கேட்காமல் கிடைப்பது நிகழ்தகவு அல்ல, லாக்-ஆட்ஸ்: நடக்கும் வாய்ப்பை நடக்காத வாய்ப்பால் வகுத்தால் வரும் ஆட்ஸின் மடக்கை. நிகழ்தகவு வேண்டுமென்றால் 'ரெஸ்பான்ஸ்' என்று வகையைக் குறிப்பிட வேண்டும். அதை மறந்து, வந்த எண்ணை 0.5-இல் வெட்டினால், உண்மையில் நீங்கள் வெட்டியது 0.62-இல். எந்தப் பிழைச் செய்தியும் வராது. ஒரு மாணவி 3 வாரம் குழம்பியதற்கு இந்த ஒரு வரிதான் காரணம்.

கட்-ஆஃபை யார் தீர்மானிக்க வேண்டும்? மாடலா, நாமா?

மழையை வைத்துச் சொல்கிறேன். பிற்பகலில் மழை பெய்ய 40 விழுக்காடு வாய்ப்பு என்று முன்னறிவிப்பு வருகிறது. ஒன்பதாவது மாடியில் மூங்கில் கழியில் துணி காயப்போட்டிருக்கும் அம்மாவுக்கு 40 என்பது அதிகம். உடனே கழியை உள்ளே இழுத்துவிடுவார். வீட்டு வாசலிலிருந்து எம்ஆர்டி ரயில் நிலையம் வரை கூரை போட்ட நடைபாதையிலேயே போகும் மகன் 70 என்றாலும் குடை எடுக்கமாட்டான். முன்னறிவிப்பு ஒன்றுதான், கட்-ஆஃப் இரண்டு. இரண்டு பேர் செய்ததும் சரிதான்.

இரண்டு வானிலையாளர்களில் யார் கெட்டிக்காரர் என்று பார்க்க வேண்டுமானால் அந்த அம்மா எத்தனை முறை துணியை எடுத்தார் என்று எண்ணுவோமா? 40 விழுக்காடு என்று சொன்ன நாள்களில் உண்மையாகவே பத்துக்கு நான்கு நாள் மழை பெய்ததா என்று பார்ப்போம். மழை பெய்த நாள்களுக்கு அதிக எண்ணும் பெய்யாத நாள்களுக்குக் குறைந்த எண்ணும் கொடுத்தாரா என்று பார்ப்போம். 1950-இல் கிளென் பிரையர் என்ற அமெரிக்க வானிலையாளர் இதே தேவைக்காகத்தான் ஓர் அளவுகோலைத் தந்தார்: சொன்ன நிகழ்தகவுக்கும் நடந்ததற்கும் (பெய்தால் 1, பெய்யாவிட்டால் 0) உள்ள வித்தியாசத்தின் வர்க்கச் சராசரி. இன்றும் அதற்குப் பிரையர் ஸ்கோர் என்றே பெயர்.

ஒரே கட்-ஆஃபில் இரண்டு மாடலையும் வைத்தால் நியாயமான போட்டிதானே?

நியாயமாகத் தெரியும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை.

1,000 பேர் பரிசோதனைக்கு வருகிறார்கள். 80 பேருக்கு நீரிழிவு இருக்கிறது, 920 பேருக்கு இல்லை. 0.5-இல் வெட்டினால் 'அ' மாடல் 80 பேரில் 10 பேரைப் பிடிக்கிறது. நலமாக இருப்பவர்களில் 4 பேரை வீணாகச் சுட்டுகிறது. 'ஆ' மாடல் 24 பேரைப் பிடிக்கிறது, 30 பேரை வீணாகச் சுட்டுகிறது. துல்லிய விழுக்காடு, அதாவது 1,000 பேரில் சரியாகச் சொல்லப்பட்டவர்களின் பங்கு, 'அ'வுக்கு 92.6, 'ஆ'வுக்கு 91.4. 'அ' ஜெயித்துவிட்டது.

இப்போது மூன்றாவதாக ஒரு மாடல். எதையும் கணக்கிடாமல் "யாருக்கும் நீரிழிவு இல்லை" என்று மட்டும் சொல்லும். அதன் துல்லியம் 92.0. அதாவது 'ஆ'வை அதுவே தோற்கடித்துவிட்டது! ஒருவரைக்கூடக் கண்டுபிடிக்காத மாடல், 24 பேரைக் கண்டுபிடித்த மாடலைவிட மேல் என்று அட்டவணை சொல்கிறது.

கட்-ஆஃபை 0.10-க்கு இறக்குவோம். 'அ' 60 பேரைப் பிடிக்கிறது, 230 வீண் எச்சரிக்கை. 'ஆ' 68 பேரைப் பிடிக்கிறது, அதே 230 வீண் எச்சரிக்கை. கூடுதல் செலவு ஒன்றுமில்லாமல் 8 பேருக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. மாடல்களும் மாறவில்லை, தரவும் மாறவில்லை. வெட்டிய இடம் மட்டும் மாறியது, தீர்ப்பு தலைகீழாகிவிட்டது. ஆகவே அந்த முதல் அட்டவணை சொன்னது "'அ' நல்ல மாடல்" என்பதல்ல. "0.5-இல் வெட்டி, இரண்டு வகைத் தவற்றுக்கும் ஒரே எடை போட்டால் 'அ' கொஞ்சம் மேல்" என்பதுதான்.

நல்ல மாடலைச் சரி-தவறு எண்ணிக்கை ஏன் அடையாளம் காணமாட்டேன் என்கிறது?

நீரிழிவு உள்ள ஒருவருக்குப் பழைய மாடல் 0.49 கொடுத்தது, புதியது 0.51 கொடுக்கிறது. நிகழ்தகவில் ஏறக்குறைய மாற்றமே இல்லை. ஆனால் எண்ணிக்கையில் 'தவறு' என்பது 'சரி' ஆகிவிடுகிறது. இன்னொருவருக்கு 0.51 என்பது 0.99 ஆகிறது. பெரிய முன்னேற்றம், எண்ணிக்கையில் அதற்கு மதிப்பே இல்லை.

மடக்கை மதிப்பெண் போட்டுப் பாருங்கள். உண்மையில் நடந்ததற்கு மாடல் கொடுத்த நிகழ்தகவை எடுத்து, அதன் இயல் மடக்கையின் குறியை மாற்றினால் போதும். குறைவாக இருந்தால் நல்லது. 0.49-க்கு 0.713, 0.51-க்கு 0.673, 0.99-க்கு 0.010. முதல் நகர்வுக்கு 0.04 தான் கிடைக்கிறது, இரண்டாவதற்கு 0.66. எது சின்ன மாற்றம், எது பெரியது என்று இந்த அளவுகோலுக்குத் தெரிகிறது.

பெற்றோருக்கு இது பிஎஸ்எல்இ (தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு) கணக்குப்போலப் புரியும். 2021 முதல் பாடத்துக்குப் பாடம் அடைவுநிலைகள்தாம்: 90-ம் அதற்கு மேலும் முதல் நிலை, 85 முதல் 89 வரை இரண்டாம் நிலை, 65 முதல் 74 வரை ஐந்தாம் நிலை. பிள்ளைகளை ஒரு மதிப்பெண் வித்தியாசத்துக்குத் தரம் பிரிக்கக் கூடாது என்பதற்காகத்தான் அந்தப் பட்டைகள். அந்த நோக்கத்துக்கு அவை பொருத்தமானவை. ஆனால் இரண்டு துணைப்பாட ஆசிரியர்களை ஒப்பிட அதே பட்டைகளை எடுத்தால் என்ன ஆகும்? 65 வாங்கிய பிள்ளையை 74-க்குக் கொண்டுவந்தவருக்கு ஒன்றும் கிடைக்காது. 89-ஐ 90 ஆக்கியவருக்கு ஒரு நிலை கூடும். கற்பித்ததை அளக்க வேண்டுமென்றால் மதிப்பெண்ணையே பார்க்க வேண்டும்.

ஒவ்வொரு மாடலுக்கும் அதற்கேற்ற சிறந்த கட்-ஆஃபைத் தேடி, பிறகு ஒப்பிடலாமா?

பலரும் 1950-இல் யூடன் தந்த குறியீட்டை வைத்துத் தேடுகிறார்கள்: நோயாளிகளில் பிடிபட்டோர் விகிதத்தையும் நலமானோரில் சரியாக விடுபட்டோர் விகிதத்தையும் கூட்டி ஒன்றைக் கழிப்பது. அது மிகுதியாகும் இடம்தான் 'சிறந்த' கட்-ஆஃப் என்கிறார்கள்.

இதில் இரண்டு சங்கடங்கள். எந்தத் தரவில் தேடினீர்களோ அதிலேயே அளந்தால் இரண்டு மாடலும் தகுதிக்கு மீறி அழகாகத் தெரியும். தேடலைக் குறுக்குச் சரிபார்ப்பின் (தரவைத் துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டாக ஒதுக்கி வைத்துச் சோதிக்கும் முறை) ஒவ்வொரு சுற்றுக்குள்ளும் வைத்துச் செய்தால் இது சரியாகும். இரண்டாவது அவ்வளவு எளிதில் கண்ணுக்குப் படாது. நிகழ்தகவுகள் உண்மை விகிதத்தோடு ஒத்துப்போகும் மாடலில் யூடன் புள்ளி, நோயுள்ளோர் பங்கின் மேலேயே போய் உட்காரும். நம் கணக்கில் அது 0.08. அதாவது ஒருவரைத் தவறவிடுவது, ஒருவரை வீணாக அனுப்புவதைவிட 11.5 மடங்கு கெட்டது (92-ஐ 8 ஆல் வகுத்தால் வருவது) என்று நீங்கள் சொல்லாமலேயே சொல்லிவிடுகிறீர்கள். ஒருவேளை அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் அந்த எண்ணை உங்களுக்காக யூடன் தேர்ந்தெடுத்தார். நோயாளியைப் பார்க்கும் மருத்துவர் தேர்ந்தெடுக்கவில்லை.

நோயுள்ளோர் எண்ணிக்கை குறைவு என்பதால் தரவைச் சமப்படுத்திவிட்டேன். இப்போது 0.5 சரிதானே?

80 பேரைத் திரும்பத் திரும்ப எடுத்து 920-க்குச் சமமாக்கினால் ஆட்ஸ் 11.5 மடங்கு பெருகும். லாஜிஸ்டிக் ரிக்ரெஷனில் இந்த மாற்றத்தை ஏறக்குறைய முழுதும் சமன்பாட்டின் மாறிலிதான் (இன்டர்செப்ட்) தாங்கிக்கொள்கிறது. சமப்படுத்திய தரவில் 0.5 என்பது பழைய தரவில் 0.08. நீங்கள் செய்தது கட்-ஆஃபை 0.5-இலிருந்து 0.08-க்கு நகர்த்தியதுதான், அதுவும் சுற்றுவழியில். கைக்கு வந்த நிகழ்தகவுகளோ இப்போது யாருக்கும் பொருந்தாது. 8 விழுக்காடு அபாயம் உள்ளவரிடம் "உங்களுக்கு 50 விழுக்காடு" என்று சொல்வீர்கள். தரவை அப்படியே விட்டுவிட்டுக் கட்-ஆஃபை நகர்த்துங்கள்.

ஏயூசி கட்-ஆஃபைச் சாராதது. அது போதாதா?

கட்-ஆஃபை நகர்த்த நகர்த்தப் பிடிபட்டோர் விகிதமும் வீண் எச்சரிக்கை விகிதமும் எப்படி மாறுகின்றன என்று காட்டும் ஆர்ஓசி வளைவு இரண்டாம் உலகப் போர்க் கால ரேடார் வேலையில் பிறந்தது. அதன் கீழுள்ள பரப்புதான் ஏயூசி. நோயுள்ள ஒருவரையும் இல்லாத ஒருவரையும் குருட்டாம்போக்கில் எடுத்தால், நோயுள்ளவருக்கு மாடல் கூடுதல் எண் கொடுத்திருக்க எவ்வளவு வாய்ப்பு என்பதே அதன் பொருள். 0.5-இல் வெட்டிய துல்லியத்தைவிட நூறு மடங்கு மேலான அளவுகோல்.

ஆனால் வரிசையை மட்டும்தான் அதனால் பார்க்க முடியும். எல்லா நிகழ்தகவையும் பாதியாக்கிப் பாருங்கள், ஏயூசி இம்மி அசையாது. நம் 'ஆ' மாடலையே எடுத்துக்கொள்ளுங்கள்: 0.5-க்கு மேல் அது சுட்டியவர்கள் 54 பேர், அவர்களில் நோயுள்ளவர்கள் 24, அதாவது 44 விழுக்காடு. எல்லாருக்கும் 50-க்கு மேல் என்று சொல்லிவிட்டு 44 மட்டுமே வந்தால், மேல்தட்டில் மாடல் கொஞ்சம் மிகைப்படுத்துகிறது என்று அர்த்தம். இதை ஏயூசி சொல்லாது. நிகழ்தகவைப் பட்டைபட்டையாகப் பிரித்து உண்மை விகிதத்தோடு வரைந்து பார்த்தால்தான் தெரியும். அந்த ஒரு படத்தை எந்த ஒப்பீட்டிலும் விட்டுவிடாதீர்கள்.

இரண்டு ஏயூசிகளுக்கு இடையிலான வித்தியாசத்தைச் சோதிக்க 1988-இல் வந்த டிலாங் முறை இருக்கிறது. ஆனால் ஒரு மாடலோடு மாறிகளைச் சேர்த்து இன்னொன்றை உருவாக்கி, அதே தரவில் ஒப்பிடும்போது அது நல்ல கருவி அல்ல. அங்கே அடுத்த பதிலில் வருவதைச் செய்யுங்கள்.

சரி அக்கா, எதைத்தான் பயன்படுத்துவது?

ஒரு மாடல் இன்னொன்றுக்குள் அடங்கியதானால் (அதன் மாறிகள் எல்லாம் மற்றதிலும் இருந்தால்) லைக்லிஹுட் ரேஷியோ சோதனை: கூடுதல் மாறிகள் தரவோடு பொருத்தத்தை உண்மையிலேயே கூட்டுகின்றனவா என்று பார்ப்பது. அடங்காதவையானால் ஏஐசி: பொருத்தத்தை அளந்து, மாறிகள் கூடக் கூட அபராதம் போடும் எண், குறைந்தால் நல்லது. புதியவர்களிடம் எப்படி வேலை செய்யும் என்று அறிய, மாடல் பார்க்காத தரவில் மடக்கை மதிப்பெண்ணும் பிரையர் ஸ்கோரும். இவை எதற்கும் கட்-ஆஃப் தேவையில்லை. உண்மையான நிகழ்தகவைச் சொல்பவருக்குத்தான் கடைசி இரண்டும் சராசரியில் சிறந்த மதிப்பெண் தரும், ஏமாற்ற வழியில்லை.

இங்கே அடிக்கடி நடக்கும் விபத்து ஒன்று உண்டு. இரண்டாவது மாடலில் இடுப்புச் சுற்றளவைச் சேர்க்கிறீர்கள். அது 60 பேருக்குப் பதிவாகவில்லை. மென்பொருள் சத்தமில்லாமல் அந்த 60 பேரை நீக்கிவிடும். இப்போது ஒரு ஏஐசி 1,000 பேருடையது, மற்றது 940 பேருடையது, ஒப்பிடவே கூடாது. இரண்டு மாடலிலும் ஆள் எண்ணிக்கை ஒன்றுதானா என்று முதலில் பாருங்கள்.

கட்-ஆஃபே வேண்டாம் என்கிறீர்களா? கடைசியில் யாரையாவது அனுப்பித்தானே ஆக வேண்டும்?

வேண்டும். முடிவெடுக்கும் இடத்தில் அது கட்டாயம். எங்கே வெட்டுவது என்பதைத் தவறுகளின் விலையிலிருந்து எடுங்கள். ஒருவரைத் தவறவிடுவது ஒரு வீண் எச்சரிக்கையைப்போல 9 மடங்கு கெட்டது என்று மருத்துவர் சொன்னால், 1-ஐ 10 ஆல் வகுங்கள்: கட்-ஆஃப் 0.10.

அந்த விலையோடு சேர்த்தே மாடல்களையும் ஒப்பிடலாம். 2006-இல் விக்கர்ஸ், எல்கின் இருவரும் தந்த முடிவு வளைவு இதைத்தான் செய்கிறது: பிடிபட்டவர்களிலிருந்து வீண் எச்சரிக்கைகளை 9 ஆல் வகுத்துக் கழியுங்கள். 'அ'வுக்கு 60-இலிருந்து 25.6 போனால் 34.4. 'ஆ'வுக்கு 42.4. எல்லாரையும் அனுப்பினால் 80-இலிருந்து 102.2 போய் மைனஸ் 22.2. விலையைப் பற்றி இரண்டு மருத்துவர்கள் ஒத்துப்போகவில்லையா? 0.05 முதல் 0.20 வரை எல்லாக் கட்-ஆஃபுக்கும் வரைந்து இருவர் முன்னும் வையுங்கள்.

சில இடங்களில் விலையைவிட, வேலை செய்யும் கைகளின் எண்ணிக்கைதான் தீர்மானிக்கும். என் முதல் வேலையில், கட்டணம் கட்டத் தவறப்போகும் வாடிக்கையாளர்களைக் கணிக்க இரண்டு மாடல் செய்தேன். தவறுபவர்கள் 6 விழுக்காட்டுக்குப் பக்கம். 0.5-இல் துல்லியம் கூடுதலாக வந்ததைத் தேர்ந்தெடுத்தேன், மேலிடமும் ஒப்புக்கொண்டது. வசூல் பிரிவிலிருந்த அக்கா பட்டியலை வாங்கிப் பார்த்தார். 9 பெயர்கள். "ஒரு நாளைக்கு 40 பேரைக் கூப்பிட முடியும்மா, மத்தியானத்துக்கு மேல நான் என்ன செய்யறது?" என்று கேட்டார். அவருக்கு வேண்டியது 0.5 அல்ல, வரிசையில் முதல் 40 பேர். அந்த 40-இல் எத்தனை பேர் உண்மையிலேயே தவறினார்கள் என்று இரண்டு மாடலையும் திரும்ப ஓட்டிப் பார்த்தபோது, நான் ஒதுக்கிய மாடல்தான் முன்னால் நின்றது. அன்றிலிருந்து எந்த வேலையிலும் "இந்தப் பட்டியலை வைத்து நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்றுதான் முதலில் கேட்கிறேன். வேலைத்திறன் இப்படி நிலையாக இருந்தால் இரண்டு மாடலையும் ஒரே ஆள் எண்ணிக்கையில் ஒப்பிடுங்கள். ஒரே நிகழ்தகவில் அல்ல.

பிஎம்ஐ-க்கு 23 என்று கட்-ஆஃப் இருக்கிறதே, அதை மாடலில் போடலாமா?

உலக அளவில் 25, 30 என்று இருந்ததை, ஆசியர்களுக்குக் குறைந்த எடையிலேயே அபாயம் கூடுகிறது என்பதால் 23, 27.5 என்ற செயற்புள்ளிகளையும் சேர்க்கலாம் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004-இல் சொன்னது. சிங்கப்பூர் 2005-இல் அவற்றை ஏற்றுக்கொண்டது. கட்-ஆஃப் என்பது இடத்தையும் மக்களையும் பொறுத்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி நம் கையில் இல்லை.

ஆனால் அந்த 23 மருத்துவர் செயலில் இறங்குவதற்கான புள்ளி. மாடலுக்குள் பிஎம்ஐ-ஐ 'மேல்', 'கீழ்' என்று உடைத்துப் போட்டால் 23.1-ம் 34-ம் ஒன்றாகிவிடும், 22.9-ம் 23.1-ம் வேறாகிவிடும். எண்ணை எண்ணாகவே விடுங்கள். விளைவுக்கும் இதே விதிதான்: வெறும் வயிற்று இரத்தச் சர்க்கரை உங்களிடம் எண்ணாகவே இருந்தால், லிட்டருக்கு 7.0 மில்லிமோலில் வெட்டி லாஜிஸ்டிக் போடுவதற்கு முன் அந்த எண்ணையே கணிக்க முடியுமா என்று யோசியுங்கள். அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 1997-இல் 7.8-இலிருந்து 7.0-க்கு இறக்கியபோது யாருடைய உடம்பும் ஒரே இரவில் மாறவில்லை.

200 பேர் சோதனைத் தரவில் 2 விழுக்காடு கூடுதல் துல்லியம். போதுமா?

2 விழுக்காடு என்றால் 4 பேர். கட்-ஆஃபை 0.50-இலிருந்து 0.48-க்கு நகர்த்தினால் அந்த நால்வரும் கட்சி மாறக்கூடும். மெக்நெமர் 1947-இல் தந்த சோதனை, இரண்டு மாடலும் முரண்படும் ஆள்களை மட்டும் எடுத்துப் பார்க்கும், போடலாம். ஆனால் அதன் பதிலும் அந்த ஒரு கட்-ஆஃபுக்கு மட்டுமே செல்லும்.

மேற்பார்வையாளர் வகைப்பாட்டு அட்டவணை கட்டாயம் வேண்டும் என்கிறார். என்ன செய்வது?

கொடுங்கள், சண்டை வேண்டாம். ஆனால் அதை முதல் அட்டவணையாக வைக்காதீர்கள். முதலில் லைக்லிஹுட் சோதனையும் பார்க்காத தரவில் மடக்கை மதிப்பெண்ணும், அடுத்து நிகழ்தகவு-உண்மை விகிதப் படம், பிறகு அட்டவணை. அதன் மேல் இப்படி ஒரு வாக்கியம் எழுதுங்கள்: "தவறவிடுவதன் விலை வீண் எச்சரிக்கையின் விலையைப்போல 9 மடங்கு என்று மருத்துவக் குழு தரவைப் பார்க்கும் முன்பே முடிவு செய்ததால், 0.10 கட்-ஆஃபாகக் கொள்ளப்பட்டது." 'பார்க்கும் முன்பே' என்ற சொற்களை உண்மையாகவே எழுத முடிய வேண்டும். ஆகவே மருத்துவரிடம் போய்க் கேட்க வேண்டியது மாடல் ஓட்டுவதற்கு முன்னால், இந்த வாரமே.